எண்ணாமல் நின்ற கரு, ஒட்டாத மனசு, ஓயாத அழுகை: கொல்லைப்புறத்தில் கேட்கப்பட்ட கேள்விகள்

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சாலையை ஒட்டிய ஊர்களில் 20 வருசத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போனவள் நான். தடுப்பூசிப் பெட்டியோடு போய் நிற்கும்போது முன்வாசலில் கேட்கிற கேள்விகள் வேறு. கிளம்பும்போது கொல்லைப்புறம் வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்தி, “நர்ஸம்மா, ஒண்ணு கேட்டா வையமாட்டீகளே” என்று தொடங்குகிற கேள்விகள் வேறு. இங்கே இருப்பவை இரண்டாவது வகை. கேட்டவர்களை அடையாளம் காட்டுகிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

“ரெண்டாவது இப்ப வேணாம்னு இருந்தோம். தங்கிருச்சு. எனக்கு மட்டும்தான் இப்படியா?”

இல்லம்மா. 2015-ல் இந்தியாவில் உண்டான கருக்களைக் கணக்கிட்ட ஒரு பெரிய ஆய்வு, மொத்தம் 4.8 கோடி என்றும், அதில் ஏறக்குறைய பாதி எண்ணாமல் உண்டானவை என்றும் சொன்னது. 2022-ல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் உலகம் முழுவதற்குமாகச் சொன்னதும் கிட்டத்தட்ட அதே பாதிதான்.

“இப்ப வேணாம்” என்பது வேறு, “வேணவே வேணாம்” என்பது வேறு. முதல் வகைப் பெண்களில் பெரும்பாலோர், வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கும்போது தாமாகவே பெயர் யோசிக்க ஆரம்பித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு “வந்த மகாலட்சுமியை வேணாங்கலாமா” என்று வாயை அடைப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். வாய் அடைந்தால் மனசும் அடங்கிவிடும் என்று நினைக்கிறோம்.

“பால் குடுக்கிற வரைக்கும் நிக்காதுன்னு அம்மாச்சி சொன்னாங்களே?”

அம்மாச்சி சொன்னதில் பாதி சரி. பிள்ளைக்கு ஆறு மாதம் முடியக் கூடாது, தூரம் (மாதவிலக்கு) வந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது காப்பு. மாவுப்பால் இடையில் புகுந்துவிட்டால் அதை நம்ப முடியாது. முதல் தூரம் வருவதற்கு முன்பே கரு உருவாகிவிடலாம் என்பதால், “இன்னும் தலைக்கு ஊத்தலையே” என்பதும் கணக்கில்லை.

கருத்தடைக்கு வழிகள் உண்டு. காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிள்ளை பெற்றவர் ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். மூன்றும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் எதுவானாலும் கேட்டுச் சொல்லி, உங்கள் சம்மதத்தோடு செய்ய வேண்டும். பிரசவ வார்டில் சொல்லாமலே வைத்துவிட்டார்கள் என்று அழுத பெண்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

“கலைச்சா போலீஸ் கேஸ் ஆகுமா? வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணுமா?”

1971-ன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும் 2021-ல் வந்த திருத்தமும் சொல்வது இது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை சில நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு மருத்துவர்கள் கருத்துத் தர வேண்டும். வல்லுறவுக்கு ஆளானவர்கள், 18 வயது ஆகாதவர்கள், கர்ப்பமாக இருக்கும்போது விதவையானவர்கள், விவாகரத்தானவர்கள் போன்றோர் அதில் அடக்கம். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கல்யாணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. கருத்தடை முறை கைகொடுக்காமல் போனதும் சட்டம் ஏற்கும் காரணம்தான்.

18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவன், மாமியார், அண்ணன் யாருடைய கையெழுத்தும் சட்டப்படி தேவையில்லை. “வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம செய்யமாட்டோம்” என்று திருப்பி அனுப்புகிற இடங்கள் உண்டு. அது அவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

“மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டா என்ன?”

ஒன்பது வாரத்துக்குள் அந்த மாத்திரையால் கலைக்கலாம். ஆனால் மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை கேட்காது, உயிருக்கே ஆபத்து. நாள் கணக்குத் தவறியிருந்தால் கருவில் பாதி உள்ளேயே நின்றுபோய், உதிரம் நிற்காமல் போகும். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் 108. மறைத்து வாங்கிப் போட்டிருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

“கலைக்கப் போனேன், நாள் கடந்துருச்சுன்னு அனுப்பிட்டாங்க. வேணாம் வேணாம்னு நான் அழுதது வயித்துப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமா?”

சக்கர வியூகக் கதையை அபிமன்யு வயிற்றிலேயே கேட்டான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்தப் பயம் வருகிறது. கடைசி மூன்று மாதத்தில் பிள்ளைக்கு உங்கள் குரல் கேட்கும், பிறந்தபின் அந்தக் குரலைத் தெரிந்துகொள்ளவும் செய்யும். குரல் சொல்கிற வார்த்தை அதற்குப் புரியாது. உங்கள் மனசுக்குள் ஓடியது எதுவும் அதற்கு எட்டாது. வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்வது பட்டினி, ரத்தசோகை, அடி உதை, மாதக்கணக்கில் நீளும் பயம். இவற்றை மாற்ற முடியும்.

இதைப் பற்றி மிக நீண்ட ஆய்வு ஒன்று செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் நடந்தது. ஒரே கருவுக்காக இரண்டு முறை விண்ணப்பித்தும் கலைக்க அனுமதி மறுக்கப்பட்ட தாய்மார்களுக்கு 1961 முதல் 1963 வரை பிறந்த 220 பிள்ளைகளை, அதே அளவு விரும்பிப் பெற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு, அவர்கள் பெரியவர்களாகும் வரை பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் மறுக்கப்பட்ட தாய்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் நட்பிலும் சங்கடங்கள் கொஞ்சம் கூடுதல். அந்த வித்தியாசம் முதலில் வயதோடு கூடி, முப்பது வயதை ஒட்டிக் குறைந்தது. அதே தாய்களின் பிள்ளைகள் பலர் ஒரு குறையுமில்லாமல் வளர்ந்தார்கள். ஆக, வேண்டாத பெண்ணைக் கட்டாயப்படுத்திப் பெறவைப்பது சும்மா போகாது என்பதும் உண்மை, அப்படிப் பிறந்த பிள்ளையின் தலையெழுத்து அதோடு முடிந்துவிடவில்லை என்பதும் உண்மை.

“பிறந்து இருபது நாளாச்சு. எல்லாம் செய்யுறேன். ஆனா பாசமே வரமாட்டேங்குது. நான் தாயா, பேயா?”

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். சொன்ன ஒருத்தி, “பக்கத்து வீட்டுப் பிள்ளையை வச்சிருக்கிற மாதிரி இருக்கு, எப்ப வந்து வாங்கிட்டுப் போவாங்கன்னு இருக்கு” என்றாள். பால் கொடுக்கிறாள், துணி மாற்றுகிறாள், பிள்ளை தும்மினால் எழுந்து பார்க்கிறாள். அவளைத்தான் ‘பேய்’ என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

1970-களில் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், பிறந்த முதல் சில மணி நேரத்தில்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்டு உண்டாகிறது என்று எழுதினார்கள். அதனால் நல்லதும் நடந்தது: பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைக்கும் வழக்கம் குறைந்தது. கெட்டதும் நடந்தது: அந்த நேரத்தைத் தவறவிட்ட தாய்மார்கள் எல்லாம் போச்சு என்று கலங்கினார்கள். பிற்கால ஆய்வுகள் அப்படி ஒரு கெடுவை உறுதி செய்யவில்லை. அந்த மருத்துவர்களே பிறகு தங்கள் சொல்லைத் தளர்த்திக்கொண்டார்கள். பாசம் சிலருக்குப் பனிக்குடம் உடைந்தது மாதிரி வரும், சிலருக்குக் கிணறு ஊறுகிற மாதிரி வாரக்கணக்கில் ஊறும்.

ஊற வைக்க என்ன செய்வது? சட்டை இல்லாத பிள்ளையை உங்கள் மார்பில் தோலோடு தோலாகப் போட்டுப் போர்த்திக்கொள்ளுங்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள், தூக்கம் வந்தால் பக்கத்தில் கிடத்திவிடுங்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் எடை குறைந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறை இது. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் ‘கங்காரு பராமரிப்பு’ என்ற பெயரில் சொல்லித் தருகிறார்கள்.

இன்னொன்று, நான் கண்ணால் கண்டது. நம் வீடுகளில் அப்பத்தா கால் நீட்டி உட்கார்ந்து, காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பொட்டு வைத்து, தூளியில் போட்டுத் தாலாட்டிவிடுவார். பசிக்கு மட்டும் பிள்ளை தாயிடம் வரும். கொஞ்சல் எல்லாம் அப்பத்தாவுக்கு, ராத்திரி அழுகை எல்லாம் பெற்றவளுக்கு. இதை மாற்றிப் போடுங்கள். குளிப்பாட்டுவதில் ஒரு கை அவளும் பிடிக்கட்டும். ராத்திரி ஒரு பொழுது அப்பத்தா தூக்கட்டும்.

எந்நேரமும் பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுமில்லை. எட்வர்ட் டிரோனிக் என்ற ஆய்வாளர் தாயையும் பிள்ளையையும் படம்பிடித்து நொடி நொடியாகப் பார்த்தார். நல்லபடியாக இருக்கிற ஜோடிகளிலும் இருவரும் ஒத்துப்போன நேரம் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதி நேரம் தவறுவதும் மறுபடி சேர்வதுமாகப் போகிறது. அந்த மறுபடி சேர்வதில்தான் ஒட்டு வளர்கிறது என்றார்.

“பாசம் வராட்டி ஒருநாள் அடிச்சிருவேனோன்னு பயமா இருக்கு.”

எண்ணாமல் வந்த பிள்ளைகள் அடிபடும் ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்று ஆய்வுகள் சொல்வது நிஜம். ஏன் என்று யோசித்தால், எனக்குத் தெரிந்த வீடுகளில் விடை இப்படி இருந்தது. தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு உண்டு, ஏழு வகைச் சாதம் உண்டு, தாய்வீடு உண்டு, மூன்று மாதம் தரையில் கால் வைக்க விடமாட்டார்கள். எண்ணாமல் வந்த மூன்றாவதுக்கு? அவள் புருஷன் வீட்டிலேயே பெற்று, பத்தாம் நாள் குடம் தூக்குகிறாள். மூத்தது பள்ளிக்கூடத்துக்கு, நடுவுலது இடுப்பில், சின்னது தூளியில். கடன், குடிக்கிற புருஷன், “யாரு பெத்துக்கச் சொன்னா” என்கிற பேச்சு. ஆபத்தைப் பாசக் குறைவில் தேடுவதைவிட இந்தப் பட்டியலில் தேடுங்கள். அடிக்கிறவர்களில் பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்களும் உண்டு.

வீட்டில் உங்கள் மேல் கை ஓங்குகிறார்கள் என்றால் பிள்ளையும் அதே கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 181 பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும்.

“சாயங்காலம் ஆனா அழுக ஆரம்பிக்கிறான், என்ன செஞ்சாலும் நிக்கல. எனக்குத் தலை சுத்துது.”

பிறந்து இரண்டு வாரத்தில் அழுகை கூடத் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். நோய் நொடியில்லாத பிள்ளையும் ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரம் அழலாம், அதுவும் பொழுது சாயும் நேரத்தில். உங்கள் பால் கெட்டுப்போகவில்லை. கண்ணேறும் இல்லை. சுற்றிப்போட்டால் உங்கள் மனசு ஆறும் என்றால் சுற்றிப்போடுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

பசி, ஈரம், காய்ச்சல் பார்த்தாயிற்று. அணைத்தாயிற்று, நடந்தாயிற்று. இன்னும் நிற்கவில்லை, உங்கள் பல் கடிபடுகிறது, கை இறுகுகிறது. அந்த நொடியில் செய்ய வேண்டியது ஒன்றே: பிள்ளையைத் தரையில் விரித்த துணியில் மல்லாக்கக் கிடத்திவிட்டு வெளியே போங்கள். முகம் கழுவுங்கள். பத்து நிமிடம் கழித்து வாருங்கள், இல்லை பக்கத்து வீட்டு மதினியைக் கூப்பிடுங்கள். பத்து நிமிட அழுகையால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது.

உலுக்கினால் ஆகும். கைக்குழந்தைக்குத் தலை உடம்பில் கால்வாசி, கழுத்தில் வலுவில்லை. தோளைப் பிடித்துச் சில நொடி உலுக்கினாலே மூளையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் அறுந்து ரத்தம் கசியும், கண்ணுக்குள்ளும் கசியும். வெளியே ஒரு காயமும் தெரியாமல் இருக்கலாம். பால் குடிக்க மறுப்பது, வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வெட்டு (வலிப்பு), உச்சிக்குழி புடைப்பது இவற்றைக் கண்டால் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். வெளிநாட்டு ஆய்வுகளில் உலுக்கியவர்களில் ஆண்களே அதிகம். ஆகவே இந்தப் பத்தியை வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இதோடு ஒட்டி ஒன்று. ‘உரம் விழுந்துருச்சு’, அதாவது சுளுக்கிக்கொண்டது என்று பிள்ளையைச் சேலையில் போட்டு இருபுறமும் பிடித்து உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது நம் பக்கம் இன்னும் இருக்கிறது. உரம் எடுக்கிற பாட்டிகள் அன்போடுதான் செய்கிறார்கள். கழுத்துக்கு அந்த அன்பு தெரியாது. வேண்டாம்.

“கிணத்தடிக்குப் போனா, பிள்ளையைக் கைதவற விட்டுருவேனோன்னு ஒரு காட்சி கண்ணு முன்னாடி வருது. யார்கிட்டயும் சொன்னதில்ல.”

பிள்ளை பெற்ற பெண்களில் மிகப் பலருக்கு இப்படி வரும். வந்ததும் திகில் பிடித்து, பிள்ளையை இறுக்கிக்கொண்டு கிணற்றடியை விட்டே விலகுகிறீர்கள் அல்லவா, அது ஆசையல்ல, காவல்காரப் பயம் அளவு மீறியது. நாள் முழுக்கத் துரத்தினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், குணமாகும்.

பிரசவமான மூன்றாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிப்பேருக்கு மேல் உண்டு, பத்து நாளில் ஓய்ந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் சோறு இறங்காமல், பிள்ளை தூங்கினாலும் தூக்கம் வராமல், எதிலும் பற்றில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோய். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஏறக்குறைய 22 சதவீதத் தாய்மார்களிடம் இருந்தது. 1987-ல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்வித் தாள் ஒன்று தமிழிலும் உண்டு. ஐந்து நிமிடத்தில் நிலவரம் தெரிந்துவிடும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே பேச அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் அப்போதே சொல்லிவிட்டு அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

“மருமக ரெண்டு நாளாத் தூங்கல, தானாப் பேசுறா. ‘இது என் பிள்ளை இல்ல, மாத்திட்டாங்க’ங்கிறா. கோடாங்கிகிட்டப் போகலாமா?”

முதலில் ஆஸ்பத்திரி. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் மனநோய் இது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் திடீரென்று வரும். காதில் குரல் கேட்கும், பிள்ளையைப் பற்றி விபரீத நம்பிக்கை வரும். அவளையும் பிள்ளையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நன்றாகக் குணமாகிற நோய். வேப்பிலையும் உடுக்கையும் நடக்கிற அந்த இரண்டு மூன்று ராத்திரிதான் ஆபத்தான நேரம்.

“மூணாவதும் பொட்டப்பிள்ளை. எங்க ஊருப் பேரைச் சொன்னாலே எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க.”

பார்ப்பார்கள். 1980-களின் நடுவில் பெண் சிசுக்கொலை பற்றிப் பத்திரிகைகளில் வந்ததிலிருந்து உசிலம்பட்டிக்கு அந்த முத்திரை விழுந்துவிட்டது. நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பலியானவை பெரும்பாலும் முதல் பெண் பிள்ளைகள் அல்ல, இரண்டாவது மூன்றாவது பெண்கள். முதல் மகளைத் தலையில் வைத்துக் கூத்தாடிய அதே தாயிடம்தான் அடுத்ததற்குக் கேட்டார்கள்: சீர் எங்கேயிருந்து வரும், காதுகுத்துக்கு எங்கேயிருந்து வரும் என்று. முடிவைப் பெரும்பாலும் அவள் எடுக்கவில்லை. பழி மட்டும் அவளுக்கு வந்தது.

உங்கள் மூன்றாவது மகளைப் பார்த்து யாராவது உச்சுக் கொட்டினால், அவர்கள் வீட்டை விட்டுப் போகும் வரை பிள்ளையை உங்கள் மடியிலேயே வைத்திருங்கள்.

“என்னால வளர்க்கவே முடியாது. என்ன வழி இருக்கு?”

1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமும் வந்தது. ஏன் எதற்கு என்று கேட்காமல் பிள்ளையை வாங்கிக்கொள்வதுதான் அதன் நோக்கம். 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுதிக் கொடுத்தும் ஒப்படைக்கலாம். அப்படிக் கொடுத்தபின் மனம் மாறினால் 60 நாளுக்குள் திரும்பப் பெறலாம். எப்படிப் போவது என்று தெரியாவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் பேசுங்கள், அவர்களே வருவார்கள். முள்காட்டிலோ பஸ் ஸ்டாண்டிலோ விடுவது குற்றம், பிள்ளை உயிருக்கும் ஆபத்து. தெரிந்தவர் மூலம் காசுக்கோ சும்மாவோ கைமாற்றுவதும் குற்றம்.

இப்படி ஒப்படைத்த ஒருத்தியை நான் கூடவே அழைத்துப் போயிருக்கிறேன். வழியெல்லாம் பிள்ளையின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவளைப் பாசமில்லாதவள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

“பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளை உடம்புல கன்னிப்போன மாதிரி இருக்கு. தலையிடலாமா?”

புட்டத்திலும் இடுப்பின் பின்புறத்திலும் பிறக்கும்போதே நீலம் பாய்ந்த மாதிரி இருப்பது நம் பிள்ளைகளுக்குச் சகஜம். வலிக்காது, சில வருசத்தில் மங்கிவிடும். அதைப் பார்த்து யாரையும் சந்தேகப்படாதீர்கள். ஆனால் இன்னும் புரளக்கூடத் தெரியாத பிள்ளைக்குக் காதிலோ கழுத்திலோ கன்னத்திலோ புதிதாக ரத்தம் கன்றியிருந்தால், “கீழ விழுந்துட்டான்” என்ற பதில் பொருந்தாது. வட்டமாகச் சுட்ட தழும்பு, ஒரு கையை அசைக்காமல் வைத்திருப்பது, மேலுதட்டின் உள்ளே கிழிசல், இவையும் அப்படித்தான்.

முதல் நாள் ஒரு சொம்பு ரசத்தோடு போங்கள். “ஒரு மணி நேரம் நான் வச்சிருக்கேன், நீ போயி படு” என்று கேட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு வாருங்கள். துணியை விலக்கிப் பார்க்க அந்த நேரம் போதும். மேலே சொன்னதில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே 1098. கூப்பிட்டவர் பெயரை அவர்கள் வெளியே சொல்வதில்லை. பிள்ளை சோர்ந்து கிடந்தால் 1098-க்கு முன்னால் 108.